புதுப்பிப்பு: அக்கிலீஸ் தசைநாண் வலி, 12 வாரங்களுக்குப் பிறகு

ஓடும் தூரத்தைத் திடீரென இரட்டிப்பாக்கியதால் குதிகாலுக்குச் சற்று மேலே, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாணில் வலி வந்ததையும், முழு ஓய்வு எடுக்கலாமா என்று தயங்கியதையும் முன்பு எழுதியிருந்தேன். இப்போது, காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் இருந்த விறைப்பு ஏறத்தாழ நீங்கிவிட்டது.

முழு ஓய்வு எனக்குப் பலன் தரவில்லை. ஓய்வில் வலி தணிந்தாலும் தசைநாணின் தாங்குதிறனும் சேர்ந்தே குறைவதால், மீண்டும் ஓடிய முதல் நாளிலேயே வலி திரும்பியது. அதன் பிறகே, ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் குழுவினர் 1998இல் வெளியிட்ட முறைப்படி, படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் உயர்ந்து, வலியுள்ள காலால் மட்டும் குதிகாலை மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சியைத் தொடங்கினேன். முழங்காலை நீட்டியபடி 15 முறை வீதம் 3 சுற்றுகள், சற்று மடக்கியபடி மேலும் 3 சுற்றுகள் என நாள்தோறும் இரு வேளை செய்தேன். வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் தணிந்தும் இருந்தால் தொடரலாம் என்று இயன்முறை மருத்துவர் கூறிய அளவுகோல்தான் என் அச்சத்தைப் போக்கியது.

குதிகால் எலும்போடு தசைநாண் சேரும் இடத்திலேயே வலி உள்ளவர்கள் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்வதே நல்லது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில நுண்ணுயிர் எதிர்ப்பு (ஆன்டிபயாடிக்) மருந்துகளும் இத்தசைநாணைப் பாதிக்கக்கூடும் என்பதால், அவற்றை உட்கொண்டிருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். திடீரென ‘படார்’ என்ற உணர்வுடன் நுனிக்காலில் எழ முடியாமல் போனால், அது தசைநாண் அறுந்ததற்கான அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.