சூப்பர்சார்ஜர் காரில் பாகம் மாற்றினால் டியூனிங் தேவையா? சேலம், ஏற்காடு பக்கத்து அனுபவங்கள்

அஸ்தம்பட்டி சி-கிளாஸ்:

சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள காரில் அதைச் சுற்றும் பெல்ட் சக்கரமான புல்லி, சைலன்சர், ஏர் இன்டேக் என்று எதையாவது மாற்றினால் ஈசியூ என்ற இன்ஜின் கம்ப்யூட்டரையும் டியூன் செய்தாக, அதாவது அதன் கணக்கைத் திருத்தி எழுதியாக வேண்டுமா, இன்ஜினே பழகிக்கொள்ளுமா என்ற கேள்வி நம் ஊர் நண்பர்களிடமிருந்து அடிக்கடி வருகிறது. என் வண்டியில் நடந்ததை எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது டபிள்யூ203 வகை மெர்சிடிஸ் சி 200 கொம்ப்ரெஸ்ஸர். 1.8 லிட்டர் எம்271 இன்ஜின். ஆலையிலிருந்து வரும்போது 163 குதிரைத்திறன். பெங்களூரில் ஒருவரிடம் வாங்கினேன். சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சிறிதாக்கி, அகலமான சைலன்சரும் போட்டிருந்தார். டியூனிங் பற்றிக் கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் தானாகச் சரிசெய்துகொள்ளும்" என்றார்.

முதலில் அது உண்மைபோலத்தான் தெரிந்தது. மார்கழி விடியலில் ஏற்காடு அடிவாரத்திலிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் சிரமமே இல்லாமல் பின்னால் போய்விடும். மே மாதம் வந்தபோதுதான் வண்டி வேறு முகத்தைக் காட்டியது. நண்பகல் வெயிலில் ஓமலூர் தாண்டித் தொப்பூர் மேட்டில் லாரிகளைக் கடக்க ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால், தகர டப்பாவில் மணலைப் போட்டுக் குலுக்குவது போல இன்ஜினில் ஒரு சலசலப்பு. அடுத்த நொடியே இழுவை குறைந்துவிடும்.

ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் சாதாரண ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. மெதுவாகப் போகும்போது பைபாஸ் வால்வு திறந்தே இருப்பதால் சூப்பர்சார்ஜர் அழுத்தம் கொடுப்பதில்லை. புல்லி எந்த அளவில் இருந்தாலும் எண்கள் ஒழுங்காகவே வரும். முழுச் சுமையில் ஸ்கேனர் பதிவு எடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் ஏறக்குறைய மூட நேரமே இல்லாமல் திறந்து கிடக்கின்றன. அப்படியும் பெட்ரோல் போதவில்லை. அந்தச் சலசலப்பை உணரும் நாக் சென்சாரைக் கேட்டு ஈசியூ தீப்பொறி நேரத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. பிளக்குகளைக் கழற்றினால் பீங்கான் சுண்ணாம்பு வெளுப்பு, பெட்ரோல் போதாமல் சூடு ஏறியதன் அடையாளம். கம்ப்யூட்டர் சரிசெய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது செய்ததெல்லாம் இன்ஜின் உடையாமல் காப்பாற்றிய வேலை. புதிய பாகத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்ட வேலை இல்லை.

கோயம்புத்தூரில் டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பெரிய இன்ஜெக்டர், புதிய பெட்ரோல் பம்ப், பிறகு ஈசியூ டியூனிங். பழைய உரிமையாளர் சொல்லிக்கொண்டிருந்த குதிரைத்திறன் எண் டைனோவில் வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. இப்போது சித்திரை வெயிலிலும் தொப்பூர் மேட்டில் ஒரே சீராக இழுக்கிறது.

சூரமங்கலம் பட்டறை:

அண்ணா, நீங்கள் எழுதியதோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். என் பட்டறையில் புல்லி கடைந்து கேட்டு வருகிறவர்கள் அதிகம். லேத்தில் கடைவது சுலபமான வேலை. அதனாலேயே அதன் விளைவை யாரும் யோசிப்பதில்லை.

ஒரு கணக்கு பாருங்கள். 65 மில்லிமீட்டர் புல்லியை 60 ஆக்கினால் சூப்பர்சார்ஜர் 8 விழுக்காடு வேகமாகச் சுற்றும். ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே கொள்ளளவு காற்றைத் தள்ளுவது. ஆகவே காற்றும் ஏறத்தாழ அதே அளவு கூடும். 8 விழுக்காடுதானே என்று தோன்றும். மீட்டரில் 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டிய பூஸ்ட், அதாவது வளிமண்டலத்துக்கு மேல் கூடும் அழுத்தம், 9-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஏனென்றால் கூடுவது வளிமண்டலத்தின் 14.7-ஐயும் சேர்த்த மொத்த அழுத்தம். அதற்கு ஈடான பெட்ரோலைக் கொடுக்க இன்ஜெக்டருக்கும் பம்புக்கும் தெம்பு இருக்கிறதா என்பது முதல் கேள்வி. முழுச் சுமையிலும் இன்ஜெக்டர் 80, 85 விழுக்காட்டுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பது பட்டறைகளில் வழக்கம். அதைத் தாண்டினால் ஈசியூவில் எதை எழுதினாலும் பயனில்லை; முதலில் பாகம், பிறகுதான் டியூனிங்.

இரண்டாவது, சூடு. காற்றை அழுத்தினால் சூடாகும். 40 டிகிரிக் காற்றை 7 பிஎஸ்ஐக்கு அழுத்தினால், சுமார் 60 விழுக்காடு திறன் உள்ள ரூட்ஸ் சூப்பர்சார்ஜரின் வாயில் அது 100 டிகிரியைத் தொடும். ஏற்காட்டின் 20 டிகிரிக் காற்று என்றால் 80-க்குச் சற்றுக் கீழே. காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கு முந்தைய கணக்கு இது. காற்று அதிகம் சூடானால் கலவை தானாகப் பற்றி வெடிக்கும், சலசலப்பு அந்தச் சத்தம்தான். அண்ணனுடைய வண்டி மார்கழியில் அமைதியாக இருந்து மே மாதத்தில் சலசலத்ததற்கு இதுதான் காரணம். மலையில் குளிர்ந்த நேரத்தில் ஓட்டிப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். டியூனிங்கின் உண்மையான சோதனை சேலத்தின் பிற்பகல் மூன்று மணிதான்.

மூன்றாவது, அளக்கும் முறை. காற்றின் எடையை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள வண்டியில், பெரிய குழாய் இன்டேக் வாங்கி அதே சென்சாரை அதில் மாட்டிவிடுகிறார்கள். குழாய் அகலமானால் அதே அளவு காற்று சென்சாரை மெதுவாகக் கடக்கும். வந்த காற்று குறைவு என்று ஈசியூ நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். குழாய் பார்க்க அழகாகத்தான் இருக்கும், பிஸ்டனுக்கு ஆபத்து.

இன்னொன்று பலரைக் குழப்புகிறது. ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் முதல் குழாய்கள்), சைலன்சர் மாற்றிய பிறகு பூஸ்ட் மீட்டர் முன்னைவிடக் குறைவாகக் காட்டும். சூப்பர்சார்ஜர் கெட்டுவிட்டது என்று வருவார்கள். பூஸ்ட் என்பது காற்று உள்ளே போக முடியாமல் தேங்கும் அழுத்தம். வெளியேறும் வழி திறந்தால் தேக்கம் குறையும், இன்ஜினுக்குள் போகும் காற்றோ கூடியிருக்கும். மீட்டர் குறைந்ததைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

தோட்டத்து ஜிப்ஸி:

எங்களுக்கு நாகலூர் பக்கம் காபித் தோட்டம். தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்) ஜிப்ஸி ஒன்றில், ஜப்பானிலிருந்து வந்த பழைய சிறிய சூப்பர்சார்ஜரைப் பொருத்தியிருக்கிறோம். வேகம் எங்களுக்குத் தேவையில்லை. சரளை மேட்டில் காபி மூட்டையோடு ஏறும்போது குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை வேண்டும். அதற்கு, வெளியேறும் புகையால் சுற்றும் டர்போவைவிட இது பொருத்தம். பெல்ட்டில் ஓடுவதால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் வேலை செய்யும்.

அந்த ஜிப்ஸியில் காற்றை எடை பார்க்கும் சென்சார் கிடையாது. உள்ளே இருக்கும் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் மேப் சென்சார்தான். அது வளிமண்டல அழுத்தம்வரை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. பூஸ்ட் வந்ததும் அளவின் உச்சத்தில் போய் நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு காற்று வந்தாலும் ஈசியூவுக்குத் தெரியாது. ஆகவே ஆலையில் சூப்பர்சார்ஜர் இல்லாத வண்டியில் அதைப் பொருத்துகிறவர்களுக்கு டியூனிங் தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை. பெட்ரோலைக் கணக்கிடத் தனியாக ஒரு கன்ட்ரோலர் வைத்தே ஆக வேண்டும்.

எங்கள் சிக்கல் சி-கிளாஸ் நண்பருடையதற்கு நேர் எதிரானது. கன்ட்ரோலரைச் சென்னையில் ஒருவர் அமைத்துக் கொடுத்தார். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்பிஎம் எவ்வளவு என்ற இரண்டை மட்டும் பார்த்துப் பெட்ரோல் கொடுக்கும் முறை, காற்றழுத்தத்தைப் பார்க்காது. கடல் மட்டத்தில் அருமையாக ஓடிய வண்டி இங்கே வந்ததும் கரும்புகை விட்டது, பிளக்குகள் கரி பிடித்து அணைந்தன. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்கே குளிர்ச்சியைக் கணக்கில் எடுத்தாலும் சென்னையைவிட ஏழில் ஒரு பங்கு காற்று குறைவு. பெட்ரோல் மட்டும் சென்னைக் கணக்கில் வந்துகொண்டிருந்தது.

இதை அறிந்த ஒரு டியூனர், மலையிலேயே வைத்துக் குறைத்து எழுதிவிடலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. அப்படி எழுதிய டியூனிங் கோப்போடு வண்டி என்றைக்காவது குப்பனூர் வழியாகக் கீழே இறங்கினால், அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் உருகும். பூஸ்டையும் அளக்கக்கூடிய பெரிய மேப் சென்சார் வாங்கி, அழுத்தத்தை வைத்தே கணக்கிடும்படி முழுவதும் புதிதாக அமைக்கச் சொன்னேன். செலவு கூடியது. இன்றைக்கு மேலே ஒண்டிக்கடைப் பக்கம் இருந்தாலும் அடிவாரத்தில் இருந்தாலும் கலவை சரியாக இருக்கிறது. மலைக்கும் சமவெளிக்கும் இடையே போய் வருகிறவர்கள் டியூனரிடம் முதலில் கேட்க வேண்டியது, உயரத்துக்கு ஏற்பத் திருத்தும் கணக்கு கோப்பில் இருக்கிறதா என்பதைத்தான். எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பது அப்புறம்.

ஐந்து ரோடு டாக்டர்:

என் அனுபவம் சிறியது. ஆலையிலேயே சூப்பர்சார்ஜரோடு வந்த வி6 ஜாகுவார் வைத்திருக்கிறேன். பிரேக் பேட், டயர், அதே அளவில் கழுவிப் பயன்படுத்தும் ஏர் ஃபில்டர் ஆகியவற்றை மட்டும் மாற்றினேன். டியூனிங் செய்யவில்லை, தேவைப்படவும் இல்லை. ஏற்காட்டு லூப் ரோட்டில் ஓட்டும்போது நல்ல டயரும் பிரேக்கும் கொடுத்த மகிழ்ச்சியை எந்தக் கோப்பும் கொடுத்திருக்காது.

புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சைலன்சரை மட்டும் மாற்ற நினைக்கிறேன். அதற்கும் வேண்டுமா, பட்டறைக்காரரே? மலைப்பாதையில் முழு ஆக்சிலரேட்டரில் பதிவு எடுப்பதை மட்டும் யாரும் பரிந்துரைக்க வேண்டாம். வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வருகிறதா என்று தெரியாத பாதை அது. டைனோ இருப்பதே அதற்காகத்தான்.

சூரமங்கலம் பட்டறை:

நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, டாக்டர். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சைலன்சர் மட்டும் என்றால் பெரும்பாலும் டியூனிங் வேண்டாம். சத்தம்தான் அதிகம் மாறும். ஹெடரையோ கன்வெர்ட்டரையோ தொட்டால் நிலைமை வேறு. கன்வெர்ட்டரை எடுப்பதை நான் செய்து கொடுப்பதும் இல்லை. புகைக் கட்டுப்பாட்டை மீறும் வேலை அது.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு பங்குக்கு, எடையில், 14.7 பங்கு காற்று என்பது சரியான கலவை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20-க்கு அது சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ ஈடுகட்டிவிடும். பல பழைய கார்களில் முழுச் சுமையில் ஈசியூ அந்தச் சென்சாரைக் கேட்காது, எழுதி வைத்த அட்டவணையைத்தான் பின்பற்றும். இ20 வருவதற்கு முன்பு டியூன் செய்த வண்டிகளை ஒருமுறை டைனோவில் ஏற்றி, கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சாரோடு மறுபடியும் பாருங்கள்.

அஸ்தம்பட்டி சி-கிளாஸ்:

இ20 விஷயம் எனக்கும் பொருந்தும், தம்பி. என் கோப்பு அதற்கு முந்தையது. கோடை முடிவதற்குள் மீண்டும் கோயம்புத்தூர் போகிறேன். பெட்ரோலை மட்டும் வழக்கமாகப் போடும் சேலம் பங்கிலேயே நிரப்பிக்கொண்டு போவேன்.

பாகம் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியின் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. புல்லியைக் கடைவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வண்டி வாங்கிய பிறகு செய்த வேலைகளின் ரசீதுகள், டைனோ தாள், ஈசியூ கோப்பின் பழைய பிரதி எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். டியூன் செய்கிறவர் ஆலைக் கோப்பின் பிரதியைத் தர மறுத்தால், வேலையைத் தொடங்கவே விடாதீர்கள்.

தோட்டத்து ஜிப்ஸி:

ஆலைக் கோப்பு இல்லாமல் ஒரு வண்டி எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் மழைக்காலம் முழுவதும் நின்றது. ஈசியூவையே மாற்ற வேண்டியதாயிற்று. அண்ணன் சொன்னபடி பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு சாவியைக் கொடுங்கள்.