உதவி: 0.50 பிளின்ட்லாக் (கல் பொறியால் மருந்து பற்றும் பழைய வகைத் துப்பாக்கி) – நாலாவது குண்டு முதல் குறி சிதறுகிறது, ராம்ராடும் (உருண்டையைக் குழலுக்குள் தள்ளும் கோல்) இறுகுகிறது

கேள்வி: பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் வரும் பிளின்ட்லாக் மான் சீசனுக்கு இதைத் தயார் செய்கிறேன். குழல் 0.50 அங்குலம், உள்ளே வரிகளின் முறுக்கு 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 2எஃப் (மணியின் பருமன்) கருமருந்து 70 கிரெய்ன் (மருந்தின் அளவு), 0.490 ஈய உருண்டை, 0.010 தடிமன் பேட்ச் (உருண்டையைச் சுற்றும் எண்ணெய்த் துணி). 50 கஜத்தில் முதல் மூன்று குண்டும் 3 அங்குலத்துக்குள். பிறகு 8 அங்குலம் வரை சிதறல். ஐந்தாவது உருண்டை பாதியிலேயே நின்றுவிட்டது. சில சமயம் பேனில் (வெளியே உள்ள பற்றவைப்பு மருந்துக் கிண்ணம்) மட்டும் மருந்து எரிகிறது, குண்டு போவதில்லை. மருந்தைக் கூட்டவா?

பதில் 1: கூட்டாதீங்க. முதலில் பாதியில் நின்ற உருண்டை. அதைச் சுட்டுத் தள்ளப் பார்க்கவே கூடாது; மருந்துக்கும் உருண்டைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். பேன் மருந்தைத் துடைத்துவிட்டு, தீத்துளை (பேனிலிருந்து குழலுக்குள் தீ போகும் சிறு துளை) வழியே தண்ணீர் விட்டு மருந்தை நன்றாக நனைத்த பிறகு, ராம்ராடில் திருகு முனை போட்டு உருண்டையை இழுத்து எடுங்க.

அடுத்து, சுட்ட பேட்ச்களைப் பொறுக்குங்க. குழல் வாய்க்கு முன்னால் 10–15 அடியில் கிடக்கும். நடுவில் கருவட்டத்தோடு முழுசாக இருந்தால் சரி. ஓட்டை விழுந்து கருகியிருந்தால் துணி மெல்லிசு, அல்லது எண்ணெய்ப் பசை போதவில்லை. விளிம்பைச் சுற்றிக் கத்தியால் கீறியது போலிருந்தால் குழல் வாயோ வரிகளின் முனையோ கூர்மையாக இருக்கிறது. உங்கள் கணக்கில் உருண்டைக்கும் குழலுக்கும் பக்கத்துக்கு 0.005 அங்குலம்தான் இடைவெளி. ஆனால் வரிப்பள்ளம் அதைவிட ஆழம். 0.010 துணி அதை அடைக்காது, நெருப்பு பக்கவாட்டில் தப்பும். 0.015 அல்லது 0.018 தலையணை டிக்கிங் (நெருக்கமாக நெய்த தலையணைத் துணி) வாங்குங்க. சுத்தப் பருத்தி மட்டும். செயற்கை இழை உருகி குழலில் ஒட்டும்.

பதில் 2: இறுகுவதற்குக் காரணம் கசடு. எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு லேசாக ஈரமான துணியை ஒரே மூச்சில் அடிவரை விட்டு எடுங்க, பிறகு உலர்ந்த துணி. சொட்டச் சொட்ட நனைத்தாலோ மேலும் கீழும் தேய்த்தாலோ கசடு அடியில் சேர்ந்து தீத்துளையை அடைக்கும். பேன் மட்டும் எரிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். துளையை ஊசியால் குத்துங்க. பேனில் 4எஃப் (மிக நுண்ணிய மணி மருந்து) சுமார் 3 கிரெய்ன் போதும், துளையை மூட விடாதீங்க. மூடினால் திரி மாதிரி மெதுவாக எரிந்து சுடுவது தாமதமாகும்.

கேள்வி கேட்டவர்: பேட்ச் எல்லாம் ஓட்டை! பைரோடெக்ஸ் (கருமருந்துக்கு மாற்று மருந்து) போட்டால் கசடு குறையுமா?

பதில் 1: பிளின்ட்லாக்குக்கு வேண்டாம், பற்றுவதற்கு அதிக வெப்பம் கேட்கும். புகையில்லா மருந்து எந்த நாளும் கூடாது. கருமருந்தையே வைத்து 50 கிரெய்னில் தொடங்கி 5 கிரெய்னாக ஏற்றுங்க. ஒவ்வொரு அளவிலும் ஐந்து குண்டு. துப்பாக்கிக் கையேட்டின் உச்ச அளவைத் தாண்டாதீங்க. குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் ஊற்றாதீங்க, உள்ளே கனல் இருந்தால் குடுவையே வெடிக்கும். தனி அளவுக்குழாயில் அளந்து ஊற்றுங்க.

பதில் 2: முடிவான மருந்து அளவில் உருண்டை முழுதாக உட்கார்ந்ததும், குழல் வாய் மட்டத்தில் ராம்ராடில் ஒரு கோடு போட்டுவையுங்க. கோடு வாய்க்கு மேலே நின்றால் உருண்டை மருந்தின்மேல் உட்காரவில்லை, சுடாதீங்க.