ஒர்க்ஷாப் வைத்திருந்த அப்பாவுக்கு என்ன படம், என்ன புத்தகம்?

கெடிலக்கரை:

வணக்கம். அப்பா கடலூரில் நெல்லிக்குப்பம் ரோட்டில் ரொம்பக் காலம் ஒர்க்ஷாப் வைத்திருந்தார். அம்பாசிடரும் ஃபியட்டும்தான் அதிகம் வரும். பானெட்டைத் திறக்கும் முன்பே இது டேப்பெட் சத்தம், இது பாயின்ட் தேய்ந்த கோளாறு என்று சொல்லிவிடுவார். இப்போது முழங்கால் ஆபரேஷன் ஆகி வீட்டில் இருக்கிறார். டிவியில் கார்கள் பல்டி அடிக்கும் படம் வந்தால் சேனலை மாற்றிவிடுகிறார். "இதில் வண்டியைப் பற்றி ஒன்றுமே இல்லையேடா" என்கிறார். ஆங்கிலம் படிக்க வராது. கிரீஸ் பட்ட கைக்காரருக்குப் பிடிக்கிற மாதிரி படமோ புத்தகமோ சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை கார்பரேட்டர்:

முதலில் 'அஜாந்த்ரிக்' போட்டுக் காட்டுங்கள். ரித்விக் கட்டக் எடுத்த வங்காளப் படம், 1958. பிமல் என்ற டாக்ஸிக்காரர், ஜகத்தல் என்ற ஓட்டை செவர்லே. ஊரே சிரிக்கிற வண்டியை அவர் கூடப்பிறந்தது மாதிரி பார்த்துக்கொள்வார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றும்போது தாகத்தில் இருந்தவன் குடிக்கிற மாதிரி மடக் மடக்கென்று சத்தம் வரும் பாருங்கள், அந்த ஒரு இடம் போதும். வங்காளம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, பாதிக் கதையை வண்டியின் சத்தமே சொல்லிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: கடைசிப் பகுதி மனதைப் பிசையும். அப்பா தனியாகப் பார்க்க வேண்டாம், நீங்களும் கூட உட்காருங்கள்.

அடுத்தது 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி', 2019. பிரான்ஸில் லெமான் ஊரில் 1966-இல் நடந்த 24 மணி நேர கார் பந்தயம்தான் கதை. அதில் பிரேக் விஷயத்தை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஃபோர்டு ஜிடி40-இல் போட்டது 7 லிட்டர் இஞ்சின், கனமான வண்டி. நேர்ச் சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடித்து, முனையில் திடீரென்று குறைக்க வேண்டும். பிரேக் டிஸ்க் பழுக்கக் காய்ந்துவிடும். 24 மணி நேரம் தாங்காது. அதனால் பந்தயத்தின் நடுவே வண்டியைப் பழுது பார்க்கும் இடமான பிட்டில் நிறுத்தி டிஸ்க்கையே சட்டென்று கழற்றி மாற்றுகிற மாதிரி அமைத்தார்கள். உண்மையிலேயே நடந்தது இது. அந்த வருஷம் முதல் மூன்று இடமும் ஃபோர்டுக்குத்தான். ஜெயித்தது டிரைவர் மட்டும் இல்லை, கீழே படுத்து ஸ்பேனர் பிடித்தவர்களும்தான் என்று காட்டுகிற படங்கள் குறைவு. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

'ரஷ்' படத்தையும் பலர் சொல்வார்கள். நல்ல படம்தான், ஆனால் அது இரண்டு ஓட்டுநர்களின் மோதல். அப்பா கேட்பது வண்டியை.

அப்புறம் கொப்போலா எடுத்த 'டக்கர்', 1988. பிரெஸ்டன் டக்கர் என்ற அமெரிக்கர் 1940-களில் பெரிய கம்பெனிகளுக்கு எதிராகத் தனியாகக் கார் செய்ய இறங்கிய உண்மைக் கதை. இஞ்சின் பின்னால். முன்னால் நடுவில் மூன்றாவதாக ஒரு ஹெட்லைட், ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பும். ஹெலிகாப்டரில் போடுகிற ஏர் கூலிங் இஞ்சினை வாட்டர் கூலிங்குக்கு மாற்றிப் பொருத்தினார்கள். மொத்தம் 51 வண்டிதான் செய்ய முடிந்தது. மோசடி வழக்குப் போட்டார்கள். 1950-இல் விடுதலையானார், ஆனால் கம்பெனி போய்விட்டது.

மிஷன் வீதி வாசகி:

'தி டே ஆஃப் தி ஜக்கால்' படத்தின் தொடக்கத்தை மட்டுமாவது காட்டுங்கள். அதில் வருவது நிஜமாக நடந்தது: 1962 ஆகஸ்டில் பாரிஸ் பக்கத்தில் பிரெஞ்சு ஜனாதிபதி தெ கோல் போன காரைச் சுட்டார்கள். டயர் பஞ்சரானாலும் அந்த சித்ரோயன் டிஎஸ் என்ற பிரெஞ்சுக் கார் நிலை தடுமாறாமல் தப்பித்துப் போனது. ஸ்பிரிங்குக்குப் பதில் ஆயிலும் கேஸும் தாங்குகிற சஸ்பென்ஷன் அதற்கு. 1955-இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த முதல் நாளே சுமார் 12,000 பேர் புக் செய்த வண்டி. பாரிஸில் இருந்த எங்கள் சித்தப்பா டிஎஸ்தான் வைத்திருந்தார். ஸ்டார்ட் செய்ததும் உட்கார்ந்திருந்த வண்டி மெல்ல எழுந்து நிற்குமாம். புதுச்சேரிக்கு லீவில் வரும்போதெல்லாம் அதைச் சொல்லாமல் போகமாட்டார்.

புத்தகம் என்றால், ஆங்கிலம் படிக்க வராதவருக்கு ஹேன்ஸ் மேனுவல் மாதிரி எதுவும் இல்லை. ஒரு வண்டியை முழுசாகக் கழற்றி, திரும்பப் பூட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்துப் போடுவார்கள். 1966 முதல் வருகிறது. பழைய புத்தகக் கடையில் எந்த மாடல் கிடைத்தாலும் வாங்குங்கள். அவருக்கு எழுத்தே தேவைப்படாது.

கொங்கு டிரைவர்:

முழங்கால் சரியானதும் கோயம்புத்தூர் ஜி.டி. கார் மியூசியத்துக்குக் கூட்டி வாருங்கள். அவினாசி ரோட்டிலேயே இருக்கிறது. நின்று நிதானமாகப் பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. 'அஜாந்த்ரிக்' பார்த்தோம். அப்பா சேனலை மாற்றச் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றும் இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். மேனுவல் தேடிக்கொண்டிருக்கிறேன். டக்கர் கதையைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்: ஏர் கூலிங் இஞ்சினுக்குச் சுற்றித் தண்ணீர் ஓடும் ஜாக்கெட் எப்படிக் கட்டினார்கள், ஹெட்டையே மாற்றி வார்த்தார்களா? கார்பரேட்டர் அண்ணா, இதற்கு விவரமோ படமோ இருந்தால் போடுங்கள். தினமும் கேட்கிறார்.