கிளினிக் என்றாலே மகனுக்கு வயிற்றுவலி

கோண்டாவில் அம்மா:
மகனுக்கு 9 வயது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. போன வருடம் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நடந்தது. இப்போது சுகம். ஆனால் கிளினிக் கொப்பியை வெளியே எடுத்தாலே வயிற்றுவலி என்று படுத்துவிடுகிறான். "என்னப்பன் செய்யுது?" என்றால் "ஒண்டுமில்லை". இரவில் என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து, "வேகமா அடிக்குது, பாருங்கோ அம்மா" என்கிறான். பயமா, இதய வருத்தமா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

பருத்தித்துறை:
முதலில் டொக்டரிடம் காட்டுங்கள், கிளினிக் நாள்வரை பார்த்திருக்க வேண்டாம். ஓடும்போது நெஞ்சு நோ, மயக்கம், உதடு நீலம் பாரிப்பது என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.

சாவகச்சேரி அக்கா:
தங்கச்சி, என் மகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுது. 3 கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. "பயப்பிடாதை" என்று சொன்னால் பிள்ளை வாயை மூடிவிடும், பயம் அப்படியே உள்ளே இருக்கும். "எந்த இடத்தில தெரியுது?" என்றுதான் நான் கேட்பேன். ஒருநாள் தொண்டையைக் காட்டுவாள், இன்னொருநாள் வியர்த்த உள்ளங்கையை.

பயந்தால் எந்தப் பிள்ளைக்கும் இதயம் படபடவென்று அடிக்கும். நெஞ்சில் தழும்பு உள்ள பிள்ளை அதை வருத்தம் என்றே நினைக்கும். டொக்டர் சோதித்த பிறகு, இந்த வித்தியாசத்தை அவனுக்கே நேரே சொல்லட்டும். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கும்போது திரையை அவன் பக்கம் திருப்பச் சொல்லிக் கேளுங்கள்.

ஊசி எந்தப் பக்கம் என்பது மகளின் தெரிவு. குத்தும்போது வாயைக் குவித்து மெதுவாக ஊதுவாள். அழுதால் அழட்டும், நான் தடுப்பதில்லை.

இன்னொன்று. வீட்டுக்கு வருபவர்கள் அவன் முன்னாலேயே "பாவம் பிள்ளை" என்று தலையைத் தடவ விடாதீர்கள். எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும்.

கோப்பாய் ரீச்சர்:
என்ன விளையாடலாம், எது கூடாது என்று டொக்டரிடம் எழுதி வாங்கி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டி நேரத்தில் ஒதுக்கி இருத்தப்படுவதுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய நோ.

கோண்டாவில் அம்மா:
டொக்டரிடம் காட்டினேன், பயப்பட ஒன்றுமில்லையாம். அப்புறம், அக்கா சொன்ன மாதிரியே கேட்டுப் பார்த்தேன். தொண்டைக்குக் கீழே கையை வைத்து, "திரும்பவும் மயக்க ஊசி போடுவினமோ?" என்றான். இவ்வளவு நாளும் இதுதான் மனதில் இருந்திருக்கிறது. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் தானே கேட்பதாகச் சொல்லி, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான்.