கடைவாய்ப் பல்லுக்கு முழு கேப்பா, ஆன்லேயா?

குலசேகரம் ரப்பர்காரர்:
முந்திரிக்கொத்து கடித்ததில் கீழ்க் கடைவாய்ப் பல்லில் நாக்குப் பக்க முகடு (மெல்லும் பரப்பில் மேடாக நிற்கும் முனை) ஒன்று பெயர்ந்துவிட்டது. நடுவில் பழைய வெள்ளி அடைப்பு இருக்கிறது. நரம்பு உயிரோடுதான் இருக்கிறது, வலியும் இல்லை. மார்த்தாண்டத்தில் பார்த்த மருத்துவர் பல்லைச் சுற்றிலும் சீவி முழு கேப் போடச் சொல்கிறார். நாகர்கோவிலில் பார்த்தவர், உடைந்த பகுதியை மூடும் ஆன்லே போதும் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

தக்கலை வாத்தியார்:
கேப்பே போட்டுவிடுங்கள் தம்பி. ஒரு முகடு போன பல்லில் அடுத்ததும் போகும். முழுதாக மூடிவிட்டால் நேந்திரங்காய் சிப்ஸைக்கூட நிம்மதியாகக் கடிக்கலாம். அரைகுறை வேலை எதற்கு?

வேளிமலை டாக்டர்:
எது அரைகுறை, சார்? கேப்புக்காக மேற்புறத்தில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர், சுற்றுச் சுவர்களில் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் சீவுகிறோம். கேட்பதற்குச் சின்னக் கணக்கு. ஆனால் அப்படிச் சீவினால் கடைவாய்ப் பல்லின் தலைப்பகுதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடுகிறது என்று எடெல்ஹாஃப், சோரன்சன் என்ற ஆய்வாளர்கள் 2002-இல் எடை போட்டே காட்டினார்கள். ஆன்லேக்குப் பலவீனமான முகட்டை மட்டும் குறைப்போம். நல்ல சுவர் அப்படியே நிற்கும். சீவிய எனாமல் திரும்ப வளராது.

சுங்கான்கடை லேப்:
டாக்டர் சொல்லும் கணக்கு பீங்கான் பூசிய உலோகக் கேப்புக்கும் அக்காலத்துப் பீங்கான் கேப்புக்கும் உரியது. இன்று சிர்கோனியா என்னும் உறுதியான பீங்கானிலேயே முழுதாகச் செய்யும் கேப்புக்கு மேற்புறம் 1 மில்லிமீட்டர், விளிம்பில் 0.5 கிடைத்தாலே நாங்கள் செய்து கொடுத்துவிடுகிறோம்.

வருகிற அச்சை வார்த்து, பல் மாதிரியின் விளிம்பில் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவது என் வேலை. கேப் என்றால் கோடு ஒரே சுற்றில் வந்து சேரும். ஆன்லேயில் அது ஏறும், பெட்டி போல வெட்டிய குழிக்குள் இறங்கும், பக்கத்துப் பல்லை ஒட்டிய இடத்தில் காணாமல் போகும். உள் மூலை கூராக இருந்தால் பீங்கானில் அங்கிருந்துதான் விரிசல் விழும். மழுக்கி அனுப்புகிறவர்கள் குறைவு. சுவர்கள் மேல்நோக்கிச் சற்றே விரிந்திருக்க வேண்டும். டம்ளருக்குள் டம்ளர் போல இறங்க வேண்டாமா? எங்காவது குடைவு இருந்தால் ஆன்லே உட்காரவே உட்காராது. கேப்புக்குச் சுமாராகச் சீவினாலும் சமாளிக்கலாம். ஆன்லேயில் அந்தச் சலுகை கிடையாது.

தக்கலை வாத்தியார்:
கேட்டீர்களா டாக்டர்?

வேளிமலை டாக்டர்:
கேட்டேன். சீவுகிறவர் கை சரியில்லை என்றால் நோயாளியின் பல்லா அதற்குக் கப்பம் கட்டுவது? கேப்பிலும் சலுகை ஒன்றும் இல்லை. சுவர்கள் அதிகம் சரிந்தால் கேப் கழன்று கையோடு வரும். தண்ணீர் பீய்ச்சாமல் சீவினால் சூட்டில் நரம்பு சாகும். 1965-இல் ஸாக், கோஹன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் குரங்குப் பற்களில் சோதித்தபோது, உள்ளே 5.5 டிகிரி செல்சியஸ் கூடியதற்கே சில பற்களின் நரம்பு மீளவில்லை.

1907-இல் டாகர்ட் என்ற பல் மருத்துவர் தங்க இன்லே (பல்லின் குழிக்குள் பொருத்தும் வார்ப்பு) வார்க்கும் முறையை வெளியிட்ட காலத்தில் அது கழலாமல் நிற்கச் சுவரின் பிடிப்புதான் கதி. அதற்காக நல்ல பல்லையும் வெட்டினார்கள். 1955-இல் புவோனோகோர் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டிக் காட்டிய பிறகு அந்தக் கட்டாயம் தளர்ந்தது. லித்தியம் டைசிலிகேட் என்னும் கண்ணாடிப் பீங்கானில் செய்யும் ஆன்லே அந்த வழியில் வந்ததுதான்; அதன் உட்புறத்தையும் அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டலாம். சிர்கோனியாவிடம் அமிலத்தின் ஜம்பம் பலிக்காது.

கொல்லங்கோடு மினி:
ஒட்டும்போது எச்சில் படாமல் இருந்தால்தானே டாக்டர் இதெல்லாம்? எனக்கு ரப்பர் விரிப்பு (பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டும் மெல்லிய ரப்பர் தாள்) போடாமல் பஞ்சுருளையை வைத்தே ஒட்டினார்கள். ஓணத்துக்கு முன்பே பெயர்ந்துவிட்டது. ரப்பர்காரர் அண்ணன் முதலில் ஒன்றைச் சொல்லட்டும்: உடைந்த விளிம்பு ஈறுக்கு மேலே இருக்கிறதா, கீழே போய்விட்டதா? கீழே போயிருந்தால் அந்த இடத்தை உலர்வாக வைப்பது பெரும்பாடு.

குலசேகரம் ரப்பர்காரர்:
மேலேதான் என்று இரண்டு மருத்துவர்களுமே சொன்னார்கள்.

சுங்கான்கடை லேப்:
தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பீர்களா அண்ணாச்சி?

குலசேகரம் ரப்பர்காரர்:
வீட்டில் கேட்டேன். கடிக்கிறேனாம். தகரக் கூரையில் மழை கொட்டும்போதுகூடக் கேட்குமாம்.

சுங்கான்கடை லேப்:
அப்படியானால் பீங்கான் பேச்சே வேண்டாம். உலோகத்தில் ஆன்லே செய்யச் சொல்லுங்கள். கீழ்க் கடைவாயை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

வேளிமலை டாக்டர்:
ஆன்லே என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. கீழ்ப் பல்லின் நாக்குப் பக்க முகட்டுக்கு உலோகமென்றால் 1 மில்லிமீட்டர் சீவினால் போதும். இரவில் போட்டுக்கொள்ள நைட் கார்டு ஒன்றும் கேட்டு வாங்குங்கள்.

தக்கலை வாத்தியார்:
உலோகம்தான் என்று ஆன பிறகு அதையே முழு கேப்பாகப் போட்டால் என்ன?