புதுப்பிப்பு: அக்காவின் நைட்டிக் கடைக் கணக்கு, எக்செலில்

பழைய வண்ணாரப்பேட்டையில் அக்கா நடத்தும் நைட்டிக் கடை வளர்கிறதா என்று எக்செலில் எப்படிப் பார்ப்பது எனக் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி விற்பனையை டேபிளாகப் போட்டு, பிவட் டேபிள் (மாதவாரியாகத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் அட்டவணை) எடுத்தாயிற்று. ரிஃப்ரெஷ் கொடுத்தால் மாதக் கூட்டல் வந்துவிடுகிறது.

ஆனால் போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிடுவது துணிக்கடைக்கு ஒத்துவராது. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. நவம்பர் படுத்துவிட்ட மாதிரி காட்டும், நகர்ந்தது பண்டிகைதான். அதனால் ‘சீசன்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்கு முந்தைய 30 நாள், பொங்கல் என்று பிரித்தோம். இதுதான் உருப்படியான ஒப்பீடு.

அப்புறம், வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டுமே. அதைக் கவனிக்க, ஏப்ரலிலிருந்து சேர்ந்துகொண்டே வரும் மொத்த விற்பனையைத் தனிக் கட்டத்தில் போட்டிருக்கிறோம். பில் நோட்டை மட்டும் அக்கா விடமாட்டாராம். சரி, இருக்கட்டும்.