தக்காளி விலை விழும்போது மேல்பூச்சுக்குப் போவதா, டிரையருக்குப் போவதா?

உடுமலை தோட்டம்:
வணக்கம். உடுமலைப் பக்கம் எங்களுக்குத் தக்காளிதான் முக்கிய வெள்ளாமை. விலை விழுந்துவிட்டால் 14 கிலோ பெட்டி பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டுவதில்லை, தோட்டத்திலேயே விட்டுவிட வேண்டியதாகிறது. இந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனி ஆள் வந்து, ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பழத்தை முக்கி எடுத்தால் மேலே மெல்லிசாக ஒரு படலம் படியும், அதோடு சேர்த்தே சாப்பிடலாம், ஒரு மாதம் கெடாது என்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லாம் இயற்கை என்பதற்கு மேல் பதில் இல்லை. மச்சான் அதெல்லாம் வேண்டாம், சோலார் டிரையர் போட்டு உலர்த்தி விற்கலாம் என்கிறார். இரண்டுக்கும் சேர்த்துச் செலவு செய்ய வசதியில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழக்கிடங்கு:
அண்ணா, பொடியில் இருக்கும் பொருட்களின் பெயரை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பழத்தின் மேல் பூசுவதற்கு தேன்மெழுகு, கார்னாபா மெழுகு, ஷெல்லாக் என்கிற அரக்கு, இவற்றுக்கு மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அனுமதி இருக்கிறது, பூசியிருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்பதும் விதி. ஆராய்ச்சியில் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிற சிட்டோசான், சோற்றுக்கற்றாழைச் சாறு, ஸ்டார்ச் என்று நிறையப் பார்க்கிறார்கள். இயற்கை என்ற ஒரு சொல்லை வைத்து இதில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பூச்சு என்ன செய்கிறது என்றால், பறித்த பிறகும் பழம் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும், அந்த மூச்சைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி, ஈரம் வெளியேறுவதையும் குறைக்கிறது, அதனால் பழுப்பது தாமதமாகிறது. ஆனால் தக்காளியில் ஒரு விசேஷம் உண்டு. அதன் தோலில் மூச்சுத் துளையே கிடையாது, காற்றுப் போக்குவரத்தில் பெரும்பகுதி காம்பு கழன்ற அந்த வட்டத் தழும்பு வழியாகத்தான். கரைசலைக் கெட்டியாகக் கலக்கிப் பழத்தை முழுசாக முக்கினால் அந்தத் தழும்பு அடைபட்டு, உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் புளித்த வாடை வந்துவிடும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், வெட்டினால் வாயில் வைக்க முடியாது. எங்கள் கிடங்கில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

நிறம் திரும்ப ஆரம்பித்த செங்காயில் பூசினால் சில நாள் கூடக் கிடைக்கும். நன்றாகப் பழுத்ததும் வெடித்ததும் எதைப் பூசினாலும் அழுகத்தான் செய்யும். அப்புறம் இன்னொன்று, விலை விழுந்தால் சில நாளில் ஏறிவிடுமா? கேரளாவுக்கோ அதைவிடத் தூரமாகவோ லாரி ஏற்றுபவருக்கு அந்தச் சில நாள் காசு. உங்கள் பிரச்சினை தேக்கம், அதற்கு இது மருந்தில்லை.

வத்தல் கொட்டகை:
மேலே சொன்னதுதான் சரி. ஆனால் டிரையர் என்றதும் உடனே லாபம் என்று நினைத்துவிடாதீர்கள், கணக்கைப் பாருங்கள். தக்காளியில் 94, 95 சதவீதம் தண்ணீர். உங்கள் 14 கிலோ பெட்டியை உலர்த்தினால் கையில் நிற்பது ஒரு கிலோவுக்கும் குறைவு, 13 லிட்டர் தண்ணீர் வெளியே போக வேண்டும். கரண்டில் ஓடும் டிரையராக இருந்தால் ஒரு லிட்டரை ஆவியாக்கவே 0.65 யூனிட்டுக்கு மேல், அதுவும் துளி சூடு வீணாகாது என்று வைத்துக்கொண்ட கணக்கு. ஆக ஒரு பெட்டிக்கே எட்டு, ஒன்பது யூனிட் குறைந்தபட்சம். அதனால்தான் தக்காளிக்கு பாலிகார்பனேட் என்கிற, வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் தகட்டில் கூரை போட்ட சோலார் கூடாரம்தான் கட்டும் என்கிறேன்.

சாறு அதிகம் உள்ள நாட்டுத் தக்காளியைவிட, சதைப்பற்றான நீள உருண்டை ரகம் தேறும். அரை சென்டிமீட்டர் கனத்தில் ஒரே சீராக வெட்டுங்கள், கனம் மாறினால் ஒன்று கருகும்போது பக்கத்தில் இருப்பது ஈரமாக இருக்கும். சூடு 55 முதல் 65 டிகிரிக்குள் போதும். சீக்கிரம் முடியட்டும் என்று ஆரம்பத்திலேயே ஏற்றினால் மேல்பக்கம் தோல் கட்டி, உள் ஈரம் அங்கேயே மாட்டிக்கொள்ளும், தொட்டால் காய்ந்த மாதிரி தெரியும், பாக்கெட்டில் போட்டதும் பூஞ்சை. வளைத்தால் தோல் வார் மாதிரி வளைய வேண்டும், அழுத்தினால் கசியக் கூடாது. பொடியாக்குவதானால் முறுக்கென்று ஒடியும் வரை விடுங்கள். தட்டு ஸ்டெயின்லெஸ் வலையாக இருக்கட்டும், புளிப்புக்கு அலுமினியம் ஆகாது. எடுத்தவுடன் பாக்கெட் போடாமல் மூடிய டப்பாவில் சில நாள் வைத்து தினமும் குலுக்கிவிட்டால் துண்டுகளுக்குள் ஈரம் சமமாகிவிடும், மூடியில் வியர்த்தால் திரும்ப டிரையருக்கு. பொடி காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக் கட்டியாகிவிடும், அதனால் உள்ளே அலுமினியத் தாள் வைத்த பாக்கெட்தான்.

உடுமலை தோட்டம்:
மிக்க நன்றிங்க. டிரையர் இல்லாமல், சுண்டைக்காய், மோர் மிளகாய் போடுவதுபோல மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டால் ஆகாதா?

வத்தல் கொட்டகை:
வீட்டுச் செலவுக்கு என்றால் உப்பு தூவி, கோடையில் செய்யலாம். சுண்டைக்காயில் இவ்வளவு நீர் இல்லை, மோர் மிளகாய்க்கு உப்பும் மோரின் புளிப்பும் காவல். தக்காளி அன்று மாலைக்குள் பாதியாவது காயாவிட்டால் ராத்திரியே பூஞ்சை பிடிக்கும், ஈ மொய்ப்பது தனி. ஆடி மாசம் உங்கள் பக்கம் காற்றும் மேகமுமாக இருக்கும், அப்போது தார்ப்பாயை நம்பவே முடியாது.

கீரைக்காரக்கா:
தம்பி, நான் முருங்கைக்கீரை உலர்த்தி விற்கிறேன், அதிலிருந்து சொல்கிறேன். டிரையர் வாங்கும் முன் வாங்குபவரைப் பிடி. மசாலா கம்பெனி, சூப் மிக்ஸ் செய்பவர்கள், ஹோட்டல்காரர்கள், இவர்களிடம் கொஞ்சம் சாம்பிள் கொடுத்து, என்ன நிறம், எவ்வளவு ஈரம், மாதம் எத்தனை கிலோ என்று பேசிக்கொள். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்கிற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் டிரையர் அளவை முடிவு செய்.

தக்காளியை மட்டும் நம்பிப் போட்டால் விலை நல்லா இருக்கும் மாதமெல்லாம் கூடாரம் சும்மா கிடக்கும். உங்கள் ஊரில் தென்னைக்கா பஞ்சம்? அந்த நாட்களில் கொப்பரை உலர்த்து. ஆனால் கொப்பரைக்குத் தனித் தட்டு வைத்துக்கொள், எண்ணெய் வாடை தக்காளியில் ஏறிவிடும். கீரை போடுவதாக இருந்தால் நேர் வெயில் படாமல் நிழல் வலை கட்டு, வெயில் பட்டால் பச்சையும் போகும், சத்தும் போகும்.

உடுமலை தோட்டம்:
கொப்பரை யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லைங்க அக்கா. மச்சானிடம் பேசிவிட்டு முதலில் சாம்பிளுக்குக் கொஞ்சம் உலர்த்திப் பார்க்கிறோம். பொடிக்காரரிடம் பொருள் பட்டியல் எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை.